ஸ்பானிய வினைச்சொற்களை அசை பிரிப்பதும் அழுத்தம் வைப்பதும்: முழுமையான வழிகாட்டி

‘பாகொ எல் லூனெஸ்’ என்று ஒருவர் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினால், ‘திங்களன்று பணம் தருகிறேன்’ என்று பொருள். ‘பகோ எல் லூனெஸ்’ என்று அனுப்பினால், ‘திங்களன்று அவர் பணம் கொடுத்துவிட்டார்’ என்று பொருள். எழுத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, கடைசி உயிரின் தலைமேல் இடும் ஒரு சின்னச் சாய்கோடு. பேச்சில் அந்தக் கோடும் கண்ணுக்குத் தெரியாது. எந்த அசையை அழுத்துகிறோம் என்பதை வைத்துத்தான் கேட்பவர் புரிந்துகொள்கிறார். அழுத்தம் இடம் மாறினால் ஆளும் மாறிவிடுகிறது, காலமும் மாறிவிடுகிறது.

தமிழ் வினைமுற்றில் காலத்தை இடைநிலை காட்டிவிடும், ஆளை விகுதி காட்டிவிடும். எந்த அசையை ஓங்கிச் சொன்னாலும் ‘தருகிறேன்’ என்பது ‘தந்தார்’ ஆகாது. ஸ்பானியத்தில் அந்த வேலையில் ஒரு பங்கை அழுத்தம் செய்கிறது. ஆகவே அதை உச்சரிப்பு நயம் என்று பின்னால் தள்ளி வைக்காதீர்கள். வினைத்திரிபைப் படிக்கும் முதல் வாரத்திலேயே, விகுதியோடு சேர்த்து அழுத்தத்தையும் படிக்க வேண்டும்.

நம் எழுத்தை வைத்தே ஒரு குறியீட்டு முறை

தமிழ் எழுத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. குறிலுக்கும் நெடிலுக்கும் தனித்தனி வடிவம் உண்டு. ஸ்பானியத்தில் குறில், நெடில் என்ற பொருள் வேறுபாடு கிடையாது. ஆனால் அழுத்தம் பெறும் உயிர் மற்றவற்றைவிடச் சற்று நீண்டே ஒலிக்கும். எனவே இந்தக் கட்டுரை முழுவதும் அழுத்தம் விழும் உயிரை நெடிலாகவும், மற்ற எல்லா உயிர்களையும் குறிலாகவும் எழுதுகிறேன். ஒரு சொல்லில் ஒரே ஒரு நெடில்தான் இருக்கும். அதுதான் அழுத்தம் விழும் இடம்.

‘பேசுகிறேன்’ என்பது ‘ஆப்லொ’. ‘அவர் பேசினார்’ என்பது ‘அப்லோ’. தமிழ்ச் சொற்கள் எகர, ஒகரக் குறிலில் முடிவதில்லை என்பதால் ‘ஆப்லொ’ என்பது முதலில் கண்ணை உறுத்தும். இரண்டு நாளில் பழகிவிடும். கை போன போக்கில் ‘ஆப்லோ’ என்று எழுதினால் அழுத்தம் எங்கே என்பதே தெரியாமல் போய்விடும்.

இன்னும் சில ஏற்பாடுகள். ‘ஆச்செ’ (h) என்ற எழுத்துக்கு ஸ்பானியத்தில் ஒலியே இல்லை, அதனால் அதை எழுதவில்லை. ‘ஊவெ’ (v) என்ற எழுத்தை வகரமாக எழுதுகிறேன். ஒலியில் அது மெல்லிய பகரம். இரட்டை ரகரத்துக்கு றகரத்தைப் பயன்படுத்துகிறேன். வல்லொலி, மெல்லொலி வேறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டாது. அசைக்கும் அழுத்தத்துக்கும் அது தேவையும் இல்லை. உங்கள் குறிப்பேட்டில் இடப்பக்கம் ஸ்பானிய எழுத்தில் சொல்லையும், வலப்பக்கம் இந்த முறையில் அதன் ஒலியையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: நெடிலாக எழுதுகிறோம் என்பதற்காக இரண்டு மாத்திரை இழுக்க வேண்டாம். குரலைச் சற்று ஏற்றி, ஒன்றரை மாத்திரை அளவில் நிறுத்தினால் போதும்.

மெய்களை எங்கே வெட்டுவது

இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரே மெய் இருந்தால் அது பின்னால் வரும் உயிரோடு போகும். ‘சாப்பிடுகிறோம்’ என்பது கொ-மே-மொஸ். இதில் யாருக்கும் சிக்கல் வராது.

இரண்டு மெய் இருந்தால் ஒன்று முன்னசைக்கு, ஒன்று பின்னசைக்கு. ‘பாடுகிறேன்’ கான்-தொ. ‘வெளியே போகிறேன்’ ஸால்-கொ. இதுவும் நமக்கு இயல்பாகவே வரும்.

தவறு நேர்வது அடுத்த விதியில்தான். வல்லொலியோ ஃபகரமோ வந்து, அதன் பின்னால் லகரமோ ரகரமோ வந்தால், அந்த இரண்டையும் பிரிக்கக் கூடாது. ப்ல, ப்ர, க்ல, க்ர, ஃப்ல, ஃப்ர, த்ர எல்லாம் ஒட்டியே இருக்கும். ஒட்டியபடியே அடுத்த அசையைத் தொடங்கும். ஆகவே ‘பேசுகிறேன்’ என்பது ஆ-ப்லொ. ஆப்-லொ அன்று. ‘திறக்கிறேன்’ ஆ-ப்ரொ. ‘வாங்குகிறேன்’ கோம்-ப்ரொ. ‘கண்டெடுக்கிறேன்’ என்-க்வேன்-த்ரொ.

தமிழில் எந்தச் சொல்லும் மெய்யில் தொடங்குவதில்லை. யாப்பில் அலகிட்டுப் பழகியவர் கை தானாகவே ‘ஆப்/லொ’ என்று வெட்டும். வாயும் ஆப் என்று உதட்டை மூடி நின்றுவிட்டுப் பிறகு லொ என்று திறக்கும். அந்த நிறுத்தத்தை ஸ்பானியக் காது உடனே கண்டுகொள்ளும். பயிற்சி எளிது. முதலில் ‘ப்லொ, ப்லொ, ப்லொ’ என்று தனியாகச் சொல்லுங்கள். பிறகு முன்னால் ஓர் ஆகாரத்தை வையுங்கள்: ஆ... ப்லொ. இடைவெளியை மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

யாப்பை இன்னொரு இடத்திலும் மறக்க வேண்டும். நமக்குக் ‘கொமெ’ போன்ற குறிலிணை ஒரே நிரையசை. ஸ்பானியத்தில் அது இரண்டு அசை. அங்கே ஓர் உயிரோ, கூட்டுயிரோ இருந்தால் ஓர் அசை. கணக்கு அவ்வளவுதான்.

மூன்று, நான்கு மெய் வந்தாலும் விதி மாறாது. ஒட்டும் இணை இருந்தால் அதைப் பின்னசைக்குக் கொடுத்துவிட்டு மீதியை முன்னசையில் விடுங்கள். ‘கட்டுகிறேன்’ என்பது கொன்ஸ்-த்ரூ-யொ. ஸகரம் முன்னசையிலேயே தங்குவதைக் கவனியுங்கள். ஸ்பானியச் சொல் எதுவும் ஸ்த, ஸ்க என்று தொடங்காது, முன்னால் எகரம் சேர்த்துக்கொண்டுதான் தொடங்கும், ‘படிக்கிறேன்’ எஸ்-தூ-த்யொ.

உயிரும் உயிரும் சந்திக்கும் இடம்

வினைச்சொல்லில் உண்மையான கடினம் இங்கேதான். இதற்கு நேரம் கொடுங்கள்.

ஐந்து உயிர்களை இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள். அ, எ, ஒ மூன்றும் திறந்த உயிர்கள். இ, உ இரண்டும் மூடிய உயிர்கள். திறந்த உயிர் இரண்டு அடுத்தடுத்து வந்தால் தனித்தனி அசை. ‘படி’ என்ற கட்டளை லே-எ. ‘விழுகிறான்’ கா-எ. திறந்ததும் மூடியதும் சேர்ந்து, மூடிய உயிரில் அழுத்தம் இல்லாவிட்டால் இரண்டும் ஒரே அசை. மூடிய உயிர் கிட்டத்தட்ட மெய்யாகிவிடும். இகரம் யகரமாகவும், உகரம் வகரமாகவும் கரையும். ‘நினைக்கிறேன்’ ப்யேன்-ஸொ. ‘என்னால் முடியும்’ ப்வே-தொ.

ஆனால் மூடிய உயிரின் மீதே அழுத்தம் விழுந்தால் கூட்டு உடையும். அது தனி அசையாகும். எழுத்தில் அதன் தலைமேல் கட்டாயம் சாய்கோடு வரும்.

இந்த இரண்டும் எதிரெதிரே நிற்கும் ஓர் இணையைப் பாருங்கள். ‘அவர் சாப்பிட்டார்’ என்பது கொ-ம்யோ, இரண்டு அசை. ‘அவர் சாப்பிட்டுவந்தார்’ என்று வழக்கத்தைச் சொல்வது கொ-மீ-அ, மூன்று அசை. ஒன்றில் இகரம் ஓகாரத்தோடு கரைந்துவிட்டது. மற்றதில் அது அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு தனித்து நிற்கிறது.

நம் நாக்குக்குக் கொ-மீ-அ வராது. தமிழில் இரண்டு உயிர்கள் நேராகச் சந்தித்தால் நடுவே உடம்படுமெய் வந்துவிடும். அதனால் ‘கொமீய’ என்போம். அது பெரிய குற்றமில்லை. அதையே வேகத்தில் ‘கொம்யா’ என்று சுருக்கிவிட்டால்தான் அழுத்தம் இடம் மாறிச் சொல் குலைகிறது. ஈகாரத்தில் குரலை ஏற்றிவிட்டு, அகரத்துக்கு இறங்கி வாருங்கள்.

உடம்படுமெய்க்கு ஒப்பான ஒன்று ஸ்பானியத்திலும் இருக்கிறது. ‘படித்தார்’ என்பதை விதிப்படி ‘லெ-இ-ஒ’ என்று சேர்க்க வேண்டும். ஆனால் இரண்டு உயிர்களுக்கு நடுவே அழுத்தமற்ற இகரம் நிற்க முடியாது. அது யகரமாகி, எழுத்திலும் யகரமாகவே வரும்: லெ-யோ. இப்படித்தான் ‘விழுந்தார்’ க-யோ, ‘கேட்டார்’ ஒ-யோ, ‘கட்டினார்’ கொன்ஸ்-த்ரு-யோ. ‘நான் படித்தேன்’ என்பதிலோ இகரத்துக்கு அழுத்தம் உண்டு. அதனால் அது உயிராகவே நிற்கும்: லெ-ஈ. அழுத்தம் இருந்தால் உயிர், இல்லாவிட்டால் யகரம் என்று புரிந்துகொண்டால், பாடநூல்கள் ஒழுங்கற்றவை என்று பட்டியலிடும் பல வடிவங்கள் ஒழுங்கானவையாகத் தெரியும்.

மூடிய உயிர்கள் இரண்டும், அதாவது இகரமும் உகரமும் சேர்ந்தால், எழுத்துவிதிக்கு அது எப்போதும் ஒரே அசைதான். ‘கட்டப்பட்ட’ என்பது கொன்ஸ்-த்ர்வீ-தொ, சாய்கோடு இல்லை. ஆனால் ‘விழுந்த’ க-ஈ-தொ, ‘படித்த’ லெ-ஈ-தொ ஆகியவற்றுக்குச் சாய்கோடு உண்டு, ஏனென்றால் அங்கே முன்னால் நிற்பது திறந்த உயிர்.

மூன்று உயிர்கள் ஒன்றாக வந்தால் மிரள வேண்டாம். எந்த உயிரில் சாய்கோடு இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ‘நீங்கள் படிக்கிறீர்கள்’ எஸ்-து-த்யாய்ஸ். சாய்கோடு நடுவிலுள்ள அகரத்தில், ஆகவே மூன்றும் ஒரே அசை. ‘நீங்கள் வாழ்ந்துவந்தீர்கள்’ வி-வீ-அய்ஸ். சாய்கோடு இகரத்தில், ஆகவே அது உடைந்து, பின்னால் ஒரு கூட்டுயிர் மிஞ்சுகிறது. ‘நாங்கள் கேட்டுவந்தோம்’ என்பது ஒ-ஈ-அ-மொஸ்: ஸ்பானிய எழுத்தில் ஆறே எழுத்து, அசையோ நான்கு. இந்தச் சொல்லைத் தடுமாறாமல் சொல்ல முடிந்தால் இந்தப் பகுதி உங்கள் வசம் வந்துவிட்டது.

ஆச்செ எழுத்து நடுவில் நின்றாலும் கணக்கில் கிடையாது. ‘தடைசெய்கிறார்’ ப்ரொ-ஈ-பெ. அதேபோல எகர, இகரத்துக்கு முன்னால் ககர ஒலியைக் காக்க எழுதப்படும் ஊமை உகரத்தையும் எண்ணாதீர்கள். ‘தொடர்வது’ ஸெ-கீர், ‘தேடினேன்’ புஸ்-கே, ‘வந்து சேர்ந்தேன்’ யெ-கே. அந்த உகரத்தின் மேல் இரண்டு புள்ளி இருந்தால் மட்டும் அது ஒலிக்கும்: ‘விசாரித்து அறிந்தேன்’ அ-வெ-ரி-க்வே.

அழுத்த விதி, சாய்கோட்டு விதி

விதி சிறியது. சொல் உயிரிலோ, னகரத்திலோ, ஸகரத்திலோ முடிந்தால் அழுத்தம் ஈற்றயல் அசையில். வேறு மெய்யில் முடிந்தால் அழுத்தம் ஈற்றசையில். இந்த இரண்டுக்கும் மாறாக அழுத்தம் வந்தால், வந்த உயிரின் மேல் சாய்கோடு போட வேண்டும். சாய்கோட்டுக்கு ஸ்பானியத்தில் ‘தீல்தெ’ என்று பெயர். ஈற்றசை அழுத்தச் சொல் ‘அகூத’, ஈற்றயல் அழுத்தச் சொல் ‘யான’, அதற்கும் முந்திய அசையில் அழுத்தம் பெறும் சொல் ‘எஸ்த்ரூஹுல’. இந்த மூன்றாம் வகைக்கு எப்போதும் தீல்தெ உண்டு.

எத்தனையோ மெய் இருக்க, னகரத்துக்கும் ஸகரத்துக்கும் மட்டும் ஏன் இந்தச் சலுகை? வினைத்திரிபைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆ-ப்ல, ‘அவர் பேசுகிறார்’. ஆ-ப்லஸ், ‘நீ பேசுகிறாய்’. ஆ-ப்லன், ‘அவர்கள் பேசுகிறார்கள்’. ஸகரமும் னகரமும் இங்கே ஆளையும் எண்ணையும் காட்டும் விகுதிகள். அவை ஒட்டுவதால் அழுத்தம் நகர்வதில்லை. அவற்றையும் மற்ற மெய்களோடு சேர்த்திருந்தால் இத்தனை வினைவடிவங்களுக்கும் தீல்தெ போட வேண்டியிருக்கும். விதியே வினைச்சொல்லை மனத்தில் வைத்துச் செய்தது போல இருக்கிறது. வேறு மெய்யில் முடியும் வினைவடிவங்களில் நாம் அதிகம் சந்திப்பவை, ரகரத்தில் முடியும் வினைப்பெயரான அ-ப்லார், தகரத்தில் முடியும் பன்மைக் கட்டளையான அ-ப்லாத் ஆகியவைதான். இரண்டுக்கும் அழுத்தம் ஈற்றில், தீல்தெ இல்லை.

ஒரு வினையை அருகில் வைத்துப் பார்ப்போம். ‘இருத்தல்’ என்ற பொருளுள்ள எஸ்-தார், நிகழ்காலத்தில் இப்படி வரும்: எஸ்-தோய், எஸ்-தாஸ், எஸ்-தா, எஸ்-தா-மொஸ், எஸ்-தாய்ஸ், எஸ்-தான். ஆறிலும் அழுத்தம் ‘தா/தோ’ அசையில்தான். இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது, ஆறாவது வடிவங்கள் ஸகரம், உயிர், ஸகரம், னகரம் என்று முடிகின்றன, அழுத்தமோ ஈற்றில், ஆகவே தீல்தெ வேண்டும். எஸ்-தா-மொஸ் என்பதில் அழுத்தம் ஈற்றயலில், விதிப்படியே இருக்கிறது; வேண்டாம். எஸ்-தோய் என்பதில் கடைசி ஒலி இகரம் போலக் கேட்டாலும் எழுதுவது ‘யே’ (y) என்ற எழுத்து. விதி அதை மெய்யாக எண்ணுவதால் இதற்கும் வேண்டாம். மூன்றாவது வடிவத்தில் தீல்தெயை விட்டுவிட்டால் அது ஏஸ்-த, ‘இந்த’ என்ற சுட்டுச்சொல்லாகிவிடும்.

கூட்டுயிரில் அழுத்தம் விழுந்து தீல்தெ தேவைப்பட்டால், அதைத் திறந்த உயிரின் மேல் போட வேண்டும். மூடிய உயிர் தனியே பிரிந்து அழுத்தம் பெற்றால், பொதுவிதி என்ன சொன்னாலும் தீல்தெ உண்டு. ‘கேட்பது’ ஒ-ஈர், ‘சிரிப்பது’ ரெ-ஈர் ஆகியவை ரகரத்தில் முடிந்து ஈற்றில் அழுத்தம் பெறுகின்றன. பொதுவிதிக்கு எதிராக எதுவும் இல்லை. ஆனாலும் தீல்தெ உண்டு. கூட்டு உடைந்ததைக் காட்டும் வேலையை அது இங்கே செய்கிறது.

ஓரசைச் சொல்லுக்குத் தீல்தெ இல்லை. ‘கொடுத்தார்’ த்யோ, ‘பார்த்தார்’ வ்யோ, ‘போனார்’ ஃப்வே, ‘போனேன்’ ஃப்வீ நான்கும் அப்படித்தான். பழைய ஸ்பானிய நூல்களில் இவற்றுக்குத் தீல்தெ இருப்பதைக் கண்டால் அச்சுப்பிழை என்று எண்ணாதீர்கள். 1713இல் தொடங்கப்பட்ட ஸ்பானிய அரச அகாடமியின் புதிய விதிகள் 1959இல் நடைமுறைக்கு வரும்வரை அப்படித்தான் எழுதினார்கள். ‘சிரித்தார்’ என்பதைச் சிலர் ஓரசையாகவும் சிலர் ரி-ஓ என்று இரண்டசையாகவும் ஒலிக்கிறார்கள். 2010இன் எழுத்துவிதி அதை ஓரசை என்றே கொண்டு தீல்தெ இல்லாமல் எழுதச் சொல்கிறது. விலக்கு ஒன்று: ஒரே எழுத்துள்ள இரண்டு சொற்களைப் பிரித்துக்காட்டத் தீல்தெ வரும். ‘எனக்குத் தெரியும்’ என்ற ஸே, ‘அவர் கொடுக்கட்டும்’ என்ற தே இரண்டும் அப்படி வருபவை.

காலந்தோறும் அழுத்தம் எங்கே

நிகழ்காலத்தில் ஆறு வடிவங்களில் நான்கில் அழுத்தம் பகுதியில். ‘நாங்கள்’, ‘நீங்கள்’ வடிவங்களில் மட்டும் விகுதிப் பக்கம் நகர்கிறது. ஆ-ப்லொ, ஆ-ப்லஸ், ஆ-ப்ல, அ-ப்லா-மொஸ், அ-ப்லாய்ஸ், ஆ-ப்லன்.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், மாணவர்களை மிகவும் அலைக்கழிக்கும் உயிர்மாற்ற வினைகள் தாமாகவே விளங்கிவிடும். ‘இழத்தல்’ என்ற பெர்-தேர் வினையைப் பாருங்கள்: ப்யேர்-தொ, ப்யேர்-தெஸ், ப்யேர்-தெ, பெர்-தே-மொஸ், பெர்-தேய்ஸ், ப்யேர்-தென். ‘அசைத்தல்’ என்ற மொ-வேர்: ம்வே-வொ, ம்வே-வெஸ், ம்வே-வெ, மொ-வே-மொஸ், மொ-வேய்ஸ், ம்வே-வென். எங்கே பகுதியில் நெடில் இருக்கிறதோ அங்கே கூட்டுயிர். எங்கே குறிலோ அங்கே பழைய உயிர். லத்தீனின் எகர, ஒகரக் குறில்கள் அழுத்தம் பெற்ற இடத்தில் இரண்டாகப் பிளந்தன. பெறாத இடத்தில் அப்படியே நின்றன. நூற்றாண்டுகளுக்கு முன் விழுந்த அழுத்தத்தின் தடம் இன்றும் எழுத்தில் இருக்கிறது.

இதற்கு ஒரு நல்ல சான்று அர்ஹென்தீனாவிலும் உருகுவாயிலும் கிடைக்கிறது. அங்கே ‘நீ’ என்பதற்குப் பெரும்பாலும் ‘தூ’ சொல்வதில்லை, ‘வோஸ்’ என்பார்கள். அதற்குரிய வடிவத்தில் அழுத்தம் ஈற்றில் விழும்: ‘பேசுகிறாய்’ அ-ப்லாஸ், ‘சாப்பிடுகிறாய்’ கொ-மேஸ், ‘வாழ்கிறாய்’ வி-வீஸ். அழுத்தம் பகுதியை விட்டுப் போனதும் பிளவும் போய்விடுகிறது: ‘இழக்கிறாய்’ பெர்-தேஸ், ‘அசைக்கிறாய்’ மொ-வேஸ். எந்த வடிவத்தில் உயிர் பிளக்கும் என்று பட்டியலை மனப்பாடம் செய்யாமல், அழுத்தம் எங்கே என்று கேட்டால் விடை கிடைத்துவிடுகிறது.

இறந்தகாலத்தில் அழுத்தம் விகுதிக்கு வந்துவிடும்: அ-ப்லே, அ-ப்லாஸ்-தெ, அ-ப்லோ, அ-ப்லா-மொஸ், அ-ப்லாஸ்-தெய்ஸ், அ-ப்லா-ரொன். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் மட்டும் தீல்தெ. ஆனால் ஒரு சிறு கூட்டம் பழைய வழியில் பகுதியிலேயே அழுத்தத்தை வைத்திருக்கிறது: ‘சொன்னேன்’ தீ-ஹெ, ‘சொன்னார்’ தீ-ஹொ, ‘செய்தேன்’ ஈ-ஸெ, ‘என்னிடம் இருந்தது’ தூ-வெ, ‘வைத்தார்’ பூ-ஸொ, ‘வந்தார்’ வீ-னொ. அ-ப்லோ பழகிய கை இவற்றின் தலையிலும் தீல்தெயைப் போட்டுவிடும். போடக் கூடாது, தி-ஹோ என்றொரு சொல்லே கிடையாது.

வழக்க இறந்தகாலம் எளிது. அ-ப்லா-ப, அ-ப்லா-பஸ் என்று போய், ‘நாங்கள்’ வடிவத்தில் அ-ப்லா-ப-மொஸ் ஆகும்போது ஓர் அசை கூடுகிறது. அழுத்தம் நகராமல் நிற்பதால் அது ஈற்றயலுக்கும் முந்திய அசையாகிறது, தீல்தெ வருகிறது. வினைப்பெயர் ‘-எர்’, ‘-இர்’ என்று முடியும் மற்ற இரண்டு வகை வினைகளில் ஈகாரம் எல்லா வடிவத்திலும் அழுத்தம் தாங்குகிறது: கொ-மீ-அ, கொ-மீ-அஸ், கொ-மீ-அ-மொஸ்.

எதிர்காலத்தில் அழுத்தம் எப்போதும் விகுதியில்: அ-ப்ல-ரே, அ-ப்ல-ராஸ், அ-ப்ல-ரா, அ-ப்ல-ரே-மொஸ், அ-ப்ல-ரேய்ஸ், அ-ப்ல-ரான். காரணம் அதன் பிறப்பில் இருக்கிறது. அ-ப்லார் என்ற வினைப்பெயரோடு ‘உடைமை’யைச் சொல்லும் துணைவினையின் நிகழ்கால வடிவங்கள் ஒட்டிப் பிறந்தது இந்தக் காலம். ‘பேச உண்டு’ என்பது போன்ற தொடர் ஒரே சொல்லாக இறுகிவிட்டது. ஒட்டிய துணைவினை தன் அழுத்தத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

எதிர்காலத்தின் அ-ப்ல-ரா ‘பேசுவார்’. விருப்ப, ஐய வாக்கியங்களில் வரும் அ-ப்லா-ர ‘அவர் பேசினால்’, ‘பேசியிருந்தால்’ என்ற பொருள்களுக்கு உதவும். எழுத்தில் ஒரு கோடுதான் வேறுபாடு. அதேபோல அ-ப்லே ‘பேசினேன்’, ஆ-ப்லெ ‘அவர் பேசட்டும்’. மூன்று சொல் ஒரே எழுத்துக்கூட்டில் நிற்கும் இடமும் உண்டு: தேர்-மி-னொ ‘முடிவு’ என்ற பெயர்ச்சொல், தெர்-மீ-னொ ‘முடிக்கிறேன்’, தெர்-மி-னோ ‘முடித்தார்’. நெடில் ஒவ்வொரு படியாக இறங்கி வருவதைப் பாருங்கள். இந்த மூன்றையும் சுவரில் எழுதி ஒட்டி, தினமும் பத்துமுறை சொல்லுங்கள்.

கரையும் இகரம், உடையும் இகரம்

வினைப்பெயர் யகர ஒலியோடு ‘-ப்யார், -வ்யார்’ போல முடிந்தால் ‘நான்’ வடிவம் இரண்டு விதமாக வரலாம். ‘மாற்றுகிறேன்’ காம்-ப்யொ: இகரம் கரைந்தது. ‘அனுப்புகிறேன்’ என்-வீ-ஒ: இகரம் உடைந்து அழுத்தம் பெற்றது. எது எப்படி வரும் என்று முன்கூட்டிச் சொல்ல நம்பகமான விதி இல்லை. படித்தல், சுத்தம் செய்தல், அறிவித்தல் ஆகியவை காம்-ப்யொ கூட்டம். நம்புதல், வழிகாட்டுதல், குளிரவைத்தல் ஆகியவை என்-வீ-ஒ கூட்டம். அகராதியில் வினைப்பெயரை மட்டும் எழுதிக்கொள்ளாமல் ‘நான்’ வடிவத்தையும் சேர்த்து எழுதுவதுதான் வழி. ‘நாங்கள்’ வடிவத்தில் இரண்டு கூட்டமும் ஒன்றாகிவிடும்: காம்-ப்யொ கம்-ப்யா-மொஸ் ஆகும், என்-வீ-ஒ என்-வ்யா-மொஸ் ஆகும்.

உகரத்துக்கு ஓரளவு விதி உண்டு. உகரத்துக்கு முன் ககர ஒலி இருந்தால் பெரும்பாலும் கரையும், வேறு மெய் இருந்தால் உடையும். ‘விசாரித்து அறிகிறேன்’ அ-வெ-ரீ-க்வொ, ‘செயல்படுகிறேன்’ அக்-தூ-ஒ. இங்கேயும் ஒரு மூவர் கூட்டம்: கொன்-தீ-ன்வொ ‘தொடர்ச்சியான’, கொன்-தி-னூ-ஒ ‘தொடர்கிறேன்’, கொன்-தி-ன்வோ ‘தொடர்ந்தார்’. நடுவில் இருப்பதற்கு மட்டும் நான்கு அசை.

பகுதிக்குள்ளேயே கூட்டுயிர் உள்ள சில வினைகளும் அழுத்தம் பட்டால் உடையும். ‘கூட்டுவது’ ரெவ்-னீர், ‘கூட்டுகிறேன்’ ரெ-ஊ-னொ. ‘தனிமைப்படுத்துவது’ அய்ஸ்-லார், ‘தனிமைப்படுத்துகிறேன்’ அ-ஈஸ்-லொ.

வினையின் வாலில் ஒட்டும் சொற்கள்

‘எனக்கு’, ‘அதை’ போன்ற சிறு சொற்கள் கட்டளையிலும், வினைப்பெயரிலும், வினையெச்சத்திலும் பின்னால் வந்து ஒட்டும். ஒட்டுவதால் வினையின் அழுத்தம் நகராது. ஆனால் சொல் நீண்டுவிடுவதால் தீல்தெக் கணக்கை மறுபடி போட வேண்டும். ‘வாங்கு’ கோம்-ப்ர, தீல்தெ இல்லை. ‘அதை வாங்கு’ கோம்-ப்ர-லொ, தீல்தெ உண்டு. ‘அதை வாங்க’ கொம்-ப்ரார்-லொ, அழுத்தம் ஈற்றயலில் அமைந்துவிட்டதால் இல்லை. ‘எனக்கு அதைக் கொடு’ தா-மெ-லொ. ‘அவருக்கு அதைக் கொடுத்துக்கொண்டு’ தான்-தொ-ஸெ-லொ: அழுத்தத்துக்குப் பின் மூன்று குறில் அசைகள் தொடர்கின்றன. நம்மவர் கடைசி லொகரத்தை லோ என்று நீட்டிவிடுவார்கள். நீட்டினால் கேட்பவருக்கு வினை எங்கே முடிந்தது என்பதே தெரியாது.

கணக்கைத் திரும்பப் போடும்போது இருந்த தீல்தெ போவதும் உண்டு. ‘அவர் கொடுக்கட்டும்’ என்ற தே தனியாக நிற்கும்போது தீல்தெ பெறும். ‘எனக்குக் கொடுங்கள்’ தே-மெ என்றானதும் தேவையில்லை. ‘போவோம்’ என்ற வா-மொஸ், ‘கிளம்புவோம்’ ஆகும்போது ஸகரத்தை இழந்து வா-மொ-னொஸ் ஆகும், தீல்தெ வந்துவிடும்.

‘வாயை மூடு’ என்பதை மெஹிகோவில் கா-ய-தெ என்பார்கள். பின்னிருந்து மூன்றாம் அசையில் அழுத்தம், தீல்தெ உண்டு. புவெனோஸ் ஐரெஸில் வோஸ் வடிவத்தோடு க-யா-தெ, அதுவும் அந்த யகரம் ஷகரமாகி க-ஷா-தெ என்று கேட்கும். ஈற்றயல் அழுத்தம், தீல்தெ இல்லை. இரண்டும் சரி. யாரிடம் பேசுகிறீர்களோ அவர்கள் வழக்கைப் பின்பற்றுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

கேட்ட சொல்லை எழுதும்போது இந்த வரிசையில் போங்கள்: வாய்விட்டுச் சொல்லி நெடில் எங்கே என்று காணுங்கள், அசை பிரியுங்கள், மூடிய உயிர் தனியே அழுத்தம் பெறுகிறதா என்று பாருங்கள், பெற்றால் தீல்தெ போட்டு முடித்துவிடலாம், இல்லாவிட்டால் கடைசி எழுத்தைப் பார்த்துப் பொதுவிதியைப் பொருத்துங்கள். எழுதியதைப் படிக்கும்போது இன்னும் எளிது: தீல்தெ இருந்தால் அழுத்தம் அங்கேதான், இல்லாவிட்டால் கடைசி எழுத்து சொல்லும்.

கீழே உள்ளவற்றை அசை பிரித்து, தீல்தெ வேண்டுமா என்று எழுதுங்கள்: ‘நாங்கள் அனுப்பிவந்தோம்’ என்வ்யாபமொஸ், ‘நாங்கள் கூட்டிவந்தோம்’ ரெவ்னீஅமொஸ், ‘நீங்கள் தொடர்ந்துவந்தீர்கள்’ கொன்தின்வாபய்ஸ், ‘நாங்கள் கட்டினால்’ கொன்ஸ்த்ருயேரமொஸ், ‘சிரிக்கிறார்கள்’ ரீஎன், ‘அவரிடம் பேசிக்கொண்டு’ அப்லான்தொலெ.

விடைகள்: என்-வ்யா-ப-மொஸ், உண்டு, அழுத்தம் பின்னிருந்து மூன்றாம் அசை. ரெவ்-னீ-அ-மொஸ், உண்டு, ஈகாரம் உடைந்து நிற்கிறது. கொன்-தி-ன்வா-பய்ஸ், இல்லை, ஸகரத்தில் முடிந்து ஈற்றயலில் அழுத்தம். கொன்ஸ்-த்ரு-யே-ர-மொஸ், உண்டு. ரீ-என், உண்டு, பொதுவிதிப்படி தேவையில்லை என்று விட்டுவிடுபவர்கள் மூடிய உயிரைப் பார்க்கத் தவறியவர்கள். அ-ப்லான்-தொ-லெ, உண்டு, ஒட்டுச்சொல் இல்லாத அ-ப்லான்-தொ என்ற வடிவத்துக்கு இல்லை.